மூன்றாம் கியர் எகிறியதா, கால் தவறியதா? திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை

சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். வலது காலில் கியர் போடும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். மனைவியை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போக எண்ணம். சாலை எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. சாலையைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் கவலைப்பட வேண்டியது வண்டியைப் பற்றி. அதே வகை வண்டியில், அதே சாலையில், 1966 ஆவணி அமாவாசையன்று நானும் என் கணவரும் போனோம். அவர் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பயணத்தைப் பிழையில்லாமல் சொல்லக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

என் கணவர் கிணறுகளுக்கு மோட்டார் பம்புசெட் விற்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் இருந்தார். விற்பதோடு பழுது பார்ப்பதும் அவர் வேலை. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்தவர்கள் எல்லோரும் மோட்டார் வைக்க அவசரப்பட்ட காலம். திண்டிவனத்தில் வீடு, செஞ்சி வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பு. அதற்காகக் கம்பெனி ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது.

அந்த வருடம் வைகாசியில், மேல்சித்தாமூரில் ஒரு மோட்டாரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது, ரோட்டில் காயப் போட்டிருந்த கேழ்வரகுத் தாளில் சக்கரம் வழுக்கியது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்தது. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவருடைய வலது கால். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்தபோது பாதத்தின் முன்பக்கம் மேலே எழும்பவில்லை. கீழே அழுத்த முடிந்தது, தூக்க முடியவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

இந்த இடத்தில் அந்த வண்டியின் கியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லீவர் வலது காலின் முன்பக்கம் இருக்கும். முதல் கியருக்குக் கால் நுனியால் மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு கியர்களுக்குக் கீழே அழுத்த வேண்டும். கியரைக் குறைத்துக்கொண்டு வரவும் தூக்கத்தான் வேண்டும். அதாவது அவருக்கு எது வராதோ அதைத்தான் அந்த வண்டி கேட்டது.

கம்பெனி மானேஜர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். தான் அமாவாசையன்று கம்பெனியின் திருவண்ணாமலை டிப்போவுக்கு வருவதாகவும், பன்னிரண்டு மணிக்கு என் கணவர் வண்டியை ஓட்டிக்கொண்டு அங்கே வந்து காட்ட வேண்டும் என்றும். ஓட்ட முடிந்தால் வட்டாரம் அவருக்கே. முடியாவிட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சென்னை குடோனில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். குடோனில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

நானும் வருகிறேன் என்றேன். வழியில் வண்டி நின்றுவிட்டால் தள்ள ஒரு ஆள் வேண்டாமா என்று காரணம் சொன்னேன். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் கிளம்பினோம். செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலை நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. கீழே விழுந்ததில் வளைந்த கியர் லீவரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிமிர்த்தி வாங்கியிருந்தோம். டாங்கில் நான்கு லிட்டர் பெட்ரோல், பையில் இட்லிப் பொட்டலம், தண்ணீர். புடவையை முழங்காலுக்குக் கீழே ஊக்கு குத்திக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் பெண்கள் அப்படித்தான் உட்கார வேண்டும்.

ஊரைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. முழங்காலோடு சேர்த்து மொத்தக் காலையும் தூக்கி முதல் கியரைப் போட்டார். நேரம் பிடித்தது, ஆனால் போட்டார். வல்லத்துக்கு முன்னால் ஒரு சிறு மேட்டில் மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது, திடீரென்று எஞ்சின் மட்டும் கத்தியது. வண்டிக்கு வேகம் இல்லை. கியர் தானாகவே வெளியே வந்திருந்தது. "சரியா மிதிக்கல போல" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொரு மேடு. மறுபடியும் அதே கத்தல்.

செஞ்சிக்குள் நுழையும்போது ஏழேகால். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று எவ்வளவு கூட்டம் போகும் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலா பக்கத்திலிருந்தும் ஸ்பெஷல் பஸ்கள், மாட்டு வண்டிகள், தலையில் மூட்டையோடு நடப்பவர்கள், எல்லோரும் செஞ்சிக் கூட்டுரோட்டில் வந்து முட்டிக்கொள்வார்கள். பத்தடி போவது, நிற்பது, மறுபடி பத்தடி. நிற்கும் ஒவ்வொரு முறையும் முதல் கியர் வேண்டும். மூன்று இடத்தில் கியர் வராமல், கிளட்சை விட்டதும் வண்டி அசையாமல் நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் நிற்கவே இல்லை. ஜன்னலிலிருந்து ஒருவன், "யோவ், தள்ளிக்கினு போய்யா! மலையனூருக்கு நடந்தே போறவன்லாம் முன்னாடி பூட்டான்!" என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது. என் கணவர் இறங்கி வண்டியைத் தள்ளினார். நானும் இறங்கி நடந்தேன்.

கடைவீதி முடிந்து திருவண்ணாமலை ரோடு தொடங்கும் இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக் கடை. மெக்கானிக் பெயர் ஏழுமலை. முப்பது வயதுக்குள் இருக்கும். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. கூடையில் தேங்காய், பூ, காலைக் கட்டிய ஒரு சேவல்.

"இன்னிக்கி லீவும்மா. மலையனூரு போறோம்" என்றார் ஏழுமலை.

"வண்டியைப் பாத்துட்டுப் போங்க. பன்னெண்டு மணிக்கு நாங்க திருவண்ணாமலையில இருக்கணும். இல்லைன்னா இவருக்கு வேலை இல்லை" என்றேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் யோசிப்பதற்குள் அஞ்சலை பேசிவிட்டார். "அம்மன் ஊஞ்சலுக்கு வர்றது ராத்திரி. இந்தாளு விடிஞ்சதுலேர்ந்து மாப்ள கணக்கா நிக்குது. சொக்காவக் கழட்டி வெச்சிட்டு இன்னான்னு பாருய்யா."

சட்டையைக் கழற்றி அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னா சார் கோளாறு?"

"முதல் கியர் விழல" என்றார் என் கணவர். அவ்வளவுதான் சொன்னார். போய் பெஞ்சியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அது போதாது என்று எனக்குத் தோன்றியது. மெக்கானிக்கிடம் போய், "மூணாவதும் பாருங்க. ஏத்தத்துல விழுந்துடுது" என்றேன்.

"விழுந்துடுதா? சரிம்மா" என்றார். கவலைப்பட்டவராகத் தெரியவில்லை.

முறையாகத்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். கிளட்ச் கேபிளில் எவ்வளவு தளர்ச்சி இருக்கிறது என்று இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளி, சக்கரம் தடையில்லாமல் உருள்கிறதா என்று பார்த்தார். உருண்டது. கியர் பெட்டியில் ஆயில் பார்த்தார். ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரை நகர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் போயின. பிறகு தானே ஓட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினார். கூட்டத்தில் நின்று நின்று ஓட்டியதைப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வந்து இறங்கி, என் கணவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "வண்டி தங்கம் சார். மொதலும் விழுது, எல்லாம் விழுது. கோளாறு உங்க காலுதான்."

என் கணவர் ஷூவை மாட்டினார். "தெரியும்" என்றார். என்னிடம், "வண்டி இங்கேயே இருக்கட்டும். கம்பெனி ஆள் வந்து எடுத்துக்குவாங்க. திண்டிவனம் பஸ் எப்போன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நொண்டிக்கொண்டே போனார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "மூணாவது கியர் விழுந்துடுதுன்னு உங்ககிட்ட தெளிவாச் சொன்னேனே, அதைப் பாத்தீங்களா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"பாத்தேம்மா. நல்லா விழுதே."

"உங்களுக்கும் விழுந்துதா?"

"ஒரே மிதில விழுந்துச்சி."

"அப்புறம் வண்டியில கோளாறு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் என்னையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, கியர் விழுந்தா நல்லதுதானே? விழலன்னாதான கோளாறு?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் இரண்டு பேர் வாயிலும் இருந்தது ஒரே சொல், ஆனால் எதிரெதிர் பொருள். கியர் பல்லோடு பல் சேர்ந்து உட்காருவதைத்தான் பட்டறையில் 'விழுவது' என்பார்கள். நான் சொன்னது, உட்கார்ந்த கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது என்று. மூன்றாவது கியர் நன்றாக இருக்கிறது என்று நானே அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

"போட்டது போட்ட இடத்துல நிக்கலை. ஏத்தத்துல தானா வெளிய வந்துடுது" என்றேன்.

"அடடே, எகிறுதா! எகிறுதுன்னு சொல்லுங்கம்மா! விழுதுன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?" உடனே முகம் சுருங்கியது. "ஆனா எனக்கு எகிறலையே. சாரு முழுசா மிதிக்கலைன்னாலும் எகிறும். அப்பவும் காலுதான்."

கான்வெண்டில் எங்களுக்கு ரசாயனம் எடுத்த சிஸ்டர், சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றுகிறவளுக்கு மதிப்பெண் போடமாட்டார். ஏழுமலை மூன்றை மாற்றியிருந்தார். கால் வேறு, பின்னால் நான் இல்லை, ரோடு சமதளம். மூன்றையும் மாற்றிவிட்டுக் காரணம் கால் என்று எப்படிச் சொல்வது? காலை மட்டும் மாற்ற வேண்டும். அதே பாரம், அதே மாதிரி ஏற்றம்.

"கோட்டை மதிலைப் பிளந்துக்கிட்டு ரோடு போற இடத்துல ஏத்தம் இருக்கு இல்ல? அதுல நான் பின்னாடி உட்கார்ந்து ஓட்டணும்" என்றேன்.

அவர் ஓரடி பின்னால் போய்விட்டார். "நீங்களா? வேணாம்மா. சாரு வரட்டும், அவர ஏத்திக்கினு போறேன்."

"அவர் வர மாட்டார். வந்தாலும் ஏற மாட்டார்."

"அரிசி மூட்ட ஒண்ணு கட்டிக்கலாம்மா. ஊரே பாக்கும்."

அரிசி மூட்டையைக் கேட்டு வாங்கி, கயிறு தேடிக் கட்டுவதற்குள் பத்து மணி ஆகிவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்ததை அஞ்சலை பார்த்தார்.

"ஏத்திக்கினு போய்யா, நான் இங்கதான நிக்கறேன்" என்றார். பிறகு என்னிடம், "இத்தினி வருசத்துல இந்தாளு என்ன ஒரு வண்டிலயும் ஏத்தினதில்ல. நீங்க ஏறிட்டு வந்து எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

ஏறினேன். ஸீட்டுக்குக் குறுக்கே இருந்த தோல் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தோளைத் தொடவில்லை. 1966-ல், செஞ்சி ரோட்டில், மேலே சட்டையில்லாத ஒரு மெக்கானிக்கின் பின்னால் ஒரு குடும்பப் பெண் உட்கார்ந்து போவது என்றால் என்னவென்று இன்றைய வாசகர்களுக்கு விளக்க வேண்டுமா என்று தெரியவில்லை. கடைசிக் கடையாக இருந்த மளிகைக் கடையிலிருந்து செட்டியார் ஒருவர் வெளியே வந்து, "ஏய் ஏழுமல, இன்னாடா இது, டாக்ஸி வுட ஆரம்பிச்சிட்டியா?" என்றார். ஏழுமலை அவருக்கும், எதிரே வந்த ஒவ்வொருவருக்கும், "டெஸ்ட்டு! டெஸ்ட்டு!" என்று கத்திக்கொண்டே போனார். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிலோமீட்டர் போனால் வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. நடுவில் ரோடு லேசாக ஏறும். "மூணாவது போடுங்க, முழுசா மிதிங்க" என்றேன். "மிதிச்சிட்டேன்" என்றார். ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வண்டி ஏறியது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வேகம் போய்விட்டது.

"எகிறிடுச்சி!" என்று அவர் போட்ட சத்தத்தில் ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் ஓடின. இறங்கி வண்டியைத் திருப்பி, கீழே போய், மறுபடி ஏறினோம். அதே இடத்தில் மறுபடி எகிறியது. பிறகு என்னை இறக்கிவிட்டு அவர் மட்டும் ஏறிப் பார்த்தார். எகிறவில்லை.

கடைக்குத் திரும்பியபோது என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போனவரிடம் யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். முகம் கறுத்திருந்தது.

"எங்க போயிட்டு வர்ற?"

"ஏத்தம் வரைக்கும்."

"இந்த ஆள் பின்னாடியா?"

"ஆமாம். இவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. முழுசா மிதிச்சார். மூணாவது இவருக்கும் எகிறுது."

அவர் என்னை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். "எத்தனை தடவை?"

"ரெண்டு தடவ சார். அம்மா ஏறினாத்தான் எகிறுது."

"பின்ன? அம்மா ஏறினா கியரே எழுந்து நிக்குது. மரியாத தெரிஞ்ச வண்டி" என்றார் அஞ்சலை. என் கணவர் சிரித்துவிட்டார். அந்த ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கியர் பெட்டியின் வலப்பக்க மூடியைக் கழற்றினால், லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்தும் சிறு தகடு ஒன்று இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அது முன்பு இருந்த இடம் பளபளவென்று தெரிந்தது. தகடு அதிலிருந்து ஒரு நூல் அளவு விலகியிருந்தது. வண்டி கீழே விழுந்தபோது லீவர் வாங்கிய அடி உள்ளே தகட்டையும் நகர்த்தியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வெளியே இருந்த லீவரை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார்கள். தகடு விலகினால் லீவர் முழுத்தூரம் போகாமல் முன்னாலேயே நின்றுவிடும். காலுக்குக் கியர் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் பல் பாதிதான் சேர்ந்திருக்கும். பாரம் ஏறினதும் வெளியே தள்ளிவிடும். தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து போல்ட்டை முடுக்கினார்கள். மறுபடி ஏற்றத்துக்குப் போனோம். இம்முறை என் கணவர் ஓட்ட, நான் பின்னால். மூன்றாம் கியர் நின்றது. மூன்று தடவை போய்ப் பார்த்தோம், நின்றது.

திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தினார். "பாத்தியா, கால்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு மானேஜர் விடமாட்டார். "மூணாவது வண்டியோட கோளாறு. முதல் கியர் வண்டியோடது இல்லை. அது உங்க கால்தான்" என்றேன்.

ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலை கூடையில் இருந்த சேவலைத் தடவிக்கொண்டிருந்தார். என் கணவர் வண்டியில் உட்கார்ந்தபடியே கீழே குனிந்து லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழுமலை, ஒரு இரும்புப் பட்டை இருக்குமா? ஒரு சாண் நீளம்."

"எதுக்கு சார்?"

"முன்பக்கம் என்னால தூக்க முடியாது. குதிகால் சும்மாதான இருக்கு. லீவருக்குப் பின்னாடி ஒரு நீட்டம் வெச்சு, குதிகாலால அழுத்தினா முன்பக்கம் தானா தூக்கும்ல? தராசுத் தட்டு மாதிரி."

ஏழுமலை கொட்டகைக்குள் ஓடி, உடைந்த சைக்கிள் காரியரிலிருந்து ஒரு பட்டையை அறுத்துக்கொண்டு வந்தார். துளை போட்டு, லீவரின் மேல் இரண்டு போல்ட்டில் கவ்வவைத்து, வளைத்து, முனையில் குதிகால் வழுக்காமல் இருக்க டயர் ரப்பர் சுற்றினார். மூன்று இடத்தில் வளைவை மாற்றிய பிறகுதான் என் கணவருக்குத் திருப்தி. குதிகாலால் அழுத்தினார். 'டக்' என்றது.

"விழுந்துச்சி!" என்றார் ஏழுமலை. இந்த முறை அந்தச் சொல் எனக்குப் புரிந்தது.

எல்லாவற்றுக்குமாக மூன்றரை ரூபாய் கேட்டார். கொடுத்தோம். கிளம்பும்போது மணி பத்தே முக்கால். அஞ்சலை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எப்பிடி ஓட்டுது இந்தாளு?" என்று கேட்டார். "சத்தம் அதிகம், ஓட்டறது பரவாயில்லை" என்று உள்ளபடி சொன்னேன். "எங்கூட்லயும் அதேதான்" என்றார்.

கீழ்பென்னாத்தூர் வழியில் ஆள் நடமாட்டம் குறைவு. வேண்டுமென்றே இரண்டு இடத்தில் நிறுத்தி, முதல் கியர் போட்டுக் கிளப்பிப் பழகிக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிப்போவில் இருந்தோம்.

மானேஜர் பருத்த மனிதர், என் எடையில் இரண்டு பங்கு இருப்பார். சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்து, "போ, மலையைச் சுத்துற ரோடு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். நான் டிப்போ வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் சத்தம் சீராகவே போய்த் தேய்ந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள்.

இறங்கியவர் பட்டையைப் பார்த்தார். "இது என்ன?"

"முன்கால் தூக்காது சார். குதிகாலால கியர் போடறேன்."

"கம்பெனி வண்டியில யாரைக் கேட்டு இரும்பு மாட்டினே?"

"யாரையும் கேட்கலை. ரெண்டு போல்ட்டுதான், கழட்டிடலாம். கழட்டினா என்னால ஓட்ட முடியாது. இருந்தா எங்க வேணும்னாலும் ஓட்டுவேன்."

மானேஜர் குனிந்து, தன் ஷூவின் குதியால் பட்டையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "மூணு மாசம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்று மாதம் கழித்து அவரும் கேட்கவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை. செஞ்சிக் கடைவீதியில் மட்டும் என் கணவருக்கு வெகு நாள், 'டெஸ்ட்டு அம்மா வூட்டுக்காரர்' என்றுதான் பெயர். அவரே வந்து சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இனிப் பயணம் போகிறவர்களுக்கு. அமாவாசையன்று செஞ்சி வழியாகப் போவதைத் தவிருங்கள்; தவிர்க்க முடியாவிட்டால் விடியுமுன் ஊரைத் தாண்டிவிடுங்கள். கோட்டை ஏறுவதாக இருந்தால் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். ராஜகிரிக்கு மதியத்துக்கு மேல் ஏறவிடமாட்டார்கள், மேலே தண்ணீரும் கிடைக்காது. சீயமங்கலம் குடைவரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் பார்த்துவிடலாம் என்பது நடக்காது.

பழைய வண்டிக்காரர்கள் மெக்கானிக்கிடம் போகுமுன், கியர் விழவில்லையா, விழுந்த பிறகு எகிறுகிறதா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு நோய். விழவில்லை என்றால் முதலில் கிளட்ச் கேபிளையும், லீவர் எங்காவது இடிக்கிறதா என்பதையும், உங்கள் காலையும் ஷூவையும் பாருங்கள். நின்றிருக்கும் வண்டியில் விழவில்லை என்றால், லேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே போட்டுப் பாருங்கள். பல் நேருக்கு நேர் இடித்துக்கொண்டிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். எகிறுகிறது என்றால் எந்த கியரில், ஏற்றத்திலா சமதளத்திலா, ஒருவர் இருக்கும்போதா இருவர் இருக்கும்போதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வண்டி எப்போதாவது வலப்பக்கம் விழுந்திருந்தால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் 'தங்கம்' என்றால் பணம் கொடுக்காதீர்கள். எப்படி ஓட்டினால் கோளாறு வருமோ அப்படியே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அவருடைய கால் குணமாகவில்லை. பாதத்தின் முன்பக்கம் கடைசி வரை எழும்பவில்லை. பதினான்கு வருடம் அதே வட்டாரத்தில், அதே வண்டியில் போனார்; பட்டையை மட்டும் இரண்டு முறை மாற்றினார். நடுவில் கம்பெனி ஒரு புது வண்டி கொடுத்தது. அதில் கியர் இடது காலுக்கு வந்திருந்தது, அதாவது அவருடைய நல்ல காலுக்கு. தூக்கலாம், அழுத்தலாம், பட்டை எதுவும் தேவையில்லை. நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்தேன். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துப் பழைய வண்டியையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இதற்கு ஒரு நியாயமான காரணம் சொல்லுங்கள் என்றேன்.

"இந்த வண்டியில எது அதோட கோளாறு, எது என்னோட கோளாறுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.